கிணற்றுக்கு ஒரு குறிப்பேடு



ரப்பர் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்திருப்பார்கள். காலையில் கிராணியார் அதிலுள்ள நீரை அளந்து குறிப்பேட்டில் எழுதுவார். மழை பெய்தால் பால்வெட்டு நின்றுபோகும். பால்வெட்டு நின்றால் தோட்டத்தின் வருமானம் குறையும். ஆகவே, மழைக்குக் கணக்கு இருந்தது. பாலுக்கும் உரத்துக்கும் ஆள்பேருக்கும் கணக்கு இருந்தது. ஆனால், லயத்து மக்கள் அன்றாடம் இறைத்துக் குடித்த கிணற்றுக்கு மட்டும் அப்படி ஒரு குறிப்பேடு இருந்ததாக, நான் கேட்டறிந்த முதியவர்களுள் ஒருவரும் கூறவில்லை. மழை முதலாளியின் கவலை. கிணறு தொழிலாளியின் கவலை. வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த விடுபட்ட குறிப்பேட்டைத் தமிழ்ப்பள்ளிகள் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைக் கூறுகின்றேன். ஏற்பதும் மறுப்பதும் ஆசிரியர்களும் பெற்றோர்களுமாகிய உங்கள் உரிமை.

"இந்தக் காலத்தில் யார் ஐயா கிணற்று நீரைக் குடிக்கிறார்கள்?" என்பதுதான் முதலில் எழும் கேள்வி. நியாயமான கேள்விதான். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு இலவசமாகக் குழாய் நீர் வழங்கவேண்டியது முதலாளியின் கடமை என்று 1990 ஆம் ஆண்டின் 446 ஆம் சட்டம் கூறுகின்றது. மலாக்கா மாநிலத்தில் இன்று குழாய் எட்டாத இடம் மிக அரிது. ஆனால் அச்சட்டம் பிறந்த மறு ஆண்டிலேயே, 1991 இல், டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றிப்போனதை மறந்துவிட்டோமா? குழாய்கள் காற்றை மட்டும் ஊதிய அந்நாள்களில் மக்கள் எங்கே போனார்கள்? தூர்ந்து கிடந்த கிணறுகளைத் தேடித்தான் போனார்கள். அதன் பின்னர் ஜூஸ் அணைக்கட்டு வந்தது. மூவார் ஆற்றிலிருந்து ஜொகூர் மாநிலத்து நீரையும் விலை கொடுத்து வாங்குகின்றோம். இருந்தும் 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அணை நீர்மட்டம் தாழ்ந்தபோது, மீண்டும் பங்கீட்டு முறையில்தான் நீர் பெற்றோம். மலாக்கா நீருக்கு எளிய மாநிலம். கிணறுகள் இங்கே பழங்கதை ஆகிவிடவில்லை; ஒவ்வொரு வறட்சியிலும் நினைவுக்கு வருகின்றன.

குடிக்காதவர்களுக்கும் நிலத்தடி நீரோடு தொடர்பு உண்டு. மழையற்ற மாதங்களில் நம் ஓடைகளும் ஆறுகளும் எப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன? மண்ணுக்கடியிலிருந்து மெல்லக் கசிந்து வரும் நீரால்தான். வறட்சி முற்றும்போது ஆற்று நீரில் பெரும்பங்கு நிலத்தடி நீராகவே இருக்கும். தோட்டத்து மண் எதைக் கீழே அனுப்பியதோ, அது ஒருநாள் ஆற்றுக்கும் வரும்.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றேன். பெற்றோர் சந்திப்பு ஒன்றில் இளந்தாய் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். குழாய் நீரில் மருந்து வாடை அடிப்பதால், கைக்குழந்தையின் பால்மாவை வீட்டுக் கிணற்று நீரில்தான் கரைக்கின்றாராம். "நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் சார் குடுக்கிறேன்," என்று நம்பிக்கையோடு சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரி. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் நைட்ரேட் சாகாது. அது உயிர்ப்பொருள் அன்று, உப்பு. நீர் ஆவியாகி அளவு குறையக் குறைய, எஞ்சிய நீரில் நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும். இரண்டு முறை கொதிக்க வைப்பது இரட்டிப்புப் பாதுகாப்பு என்று எண்ணும் தாய், தன்னை அறியாமல் நேர்மாறானதைச் செய்கின்றார்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் காம்லி என்பவர், பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த பச்சிளங் குழந்தைகள் நீலம் பாரித்துப் போனதை 1945 இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். கிணற்று நீரிலிருந்த நைட்ரேட் குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறுகின்றது. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினை உயிர்வளி சுமக்க இயலாததாக ஆக்கிவிடுகின்றது. உதடும் நகமும் நீலமாகின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கே இவ்விடர் மிகுதி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்று வரம்பு கட்டியிருப்பதற்கு இக்குழந்தைகளே முதற்காரணம். நம் சுகாதார அமைச்சின் வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆனால் அது நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இந்த எண் குழப்பத்தைப் பிறகு பேசுவோம்.

அந்தத் தாயின் கிணற்றில் நைட்ரேட் இருந்ததா? அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஏனெனில் யாரும் அளந்ததில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

நைட்ரேட் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பெற்றோர்களுக்காகச் சற்று விளக்கவேண்டும். ஒரு காலத்துப் பால்மரக் காடுகள் இன்று பெரும்பாலும் செம்பனைக் காடுகளாகிவிட்டன. செம்பனை பெருந்தீனிக்காரப் பயிர். ஒவ்வொரு மரத்துக்கும் ஆண்டுதோறும் கிலோக் கணக்கில் உரம் வேண்டும். யூரியாவாகவோ அம்மோனியமாகவோ இடப்படும் தழைச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மரம் உண்டதுபோக மீந்தது மழையோடு இறங்குகின்றது. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை; நைட்ரேட்டும் அவ்வாறே. ஆகையால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, நீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாநிலத்தில் அந்த வழிக்குக் குறைவில்லை.

உரத்தை மட்டும் குற்றம் சொல்வதும் நேர்மையாகாது. மாட்டுக் கொட்டகையின் சாணக்குழி, கோழிக்கூண்டு, லயத்தின் பின்புறத்துக் கழிவறைக் குழி ஆகியவற்றிலிருந்தும் நைட்ரேட் வரும். கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் 30 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் விதி. நம் பழைய லயங்களை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். எத்தனை இடத்தில் அந்த 30 மீட்டர் இருந்தது?

நம்மவர்கள் நீரைக் கண்ணாலும் நாவாலும் அளப்பவர்கள். மலாக்காவின் செம்புறை மண்ணுக்கு மண்ணியலார் நம் மாநிலத்தின் பெயரையே சூட்டி 'மலாக்கா வரிசை' என்கின்றனர். இரும்பு நிறைந்த மண் அது. ஆகவே இங்குள்ள கிணற்று நீர் வாளியில் ஓர் இரவு நின்றால் பழுப்பாகப் படிவதும், வெள்ளைத் துணியில் கறை ஏறுவதும் இயல்பு. அதைக் கண்டு அஞ்சி அக்கிணற்றைக் கைவிடுவார்கள். இரும்பு பெரும்பாலும் சுவையையும் நிறத்தையும் கெடுக்குமே தவிர, உயிருக்கு உலை வைப்பதில்லை. பக்கத்துக் கிணறு பளிங்குபோல் இருக்கும். குளிர்ச்சியாகவும் இனிப்பாகவும் இருக்கும். அதையே நல்ல தண்ணீர் என்று குடிப்பார்கள். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பளிங்குக் கிணற்றில் அது எவ்வளவு இருந்தாலும் நாக்கு சொல்லாது.

பெற்றோர் சிலர் களைக்கொல்லியைப் பற்றிக் கேட்கின்றனர். தோட்டத்தில் அதற்கு 'மருந்து' என்று பெயர். 'மருந்தடிக்கிற வேலை' என்றுதான் நம் தாய்மார்கள் சொல்வார்கள். நஞ்சுக்கு மருந்து என்று பெயரிட்ட கொடுமையைத் தனியே எழுதவேண்டும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை அரசாங்கம் 2002 இல் தடைசெய்ய முடிவெடுத்து, 2006 இல் தடையைத் தளர்த்தி, இறுதியில் 2020 சனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடைசெய்தது. அது தெளித்த பெண்களின் தோலையும் நகத்தையும் கண்ணையும் தாக்கியது உண்மை. ஆனால் நிலத்தடி நீரைப் பொறுத்தவரை அது நைட்ரேட்டுக்கு நேரெதிர். நேர்மின்னேற்றம் உடையதாதலால் களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும், எளிதில் கீழிறங்காது. எந்த நஞ்சு எங்கே போகும் என்பதை அறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சம் கொள்வதால் பயனில்லை.

இதை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். இரண்டு பெரிய நெகிழிப் புட்டிகளின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டி, மண் நிரப்புங்கள். ஒன்றின் மேல் மட்டும் நைட்ரேட் கலந்த உரத்தை ஒரு கரண்டி தூவுங்கள். இரண்டிலும் நீர் ஊற்றி, வடிவதைக் குவளையில் பிடித்துச் சோதனைப் பட்டையை நனையுங்கள். மாணவர்களுடன் இதைச் செய்தபோது இரண்டு குவளை நீரும் ஒரேபோல் இருந்தன; பட்டை மட்டும் ஒன்றில் வெளுத்தும் மற்றொன்றில் அடர்ந்த ஊதாவாகவும் நின்றது. "சார், பார்த்தா ரெண்டும் ஒண்ணுதானே!" என்றான் ஒரு மாணவன். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. (யூரியாவை வைத்துச் செய்தால் அன்றைக்கே நிறம் மாறாது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்ற நாள்கள் ஆகும். செய்து பார்த்து ஏமாறவேண்டாம்.)

கிணற்றில் நஞ்சு என்றால் மலாக்காக்காரர்களுக்குப் புக்கிட் சீனா அடிவாரத்திலுள்ள ஹங் லி போ கிணறு நினைவுக்கு வரும். நகரின் வற்றாத நீரூற்றாக இருந்த அக்கிணற்றில், 1551 இல் போர்த்துக்கீசியரை முற்றுகையிட்ட ஜொகூர்ப் படையினர் நஞ்சு கலந்தனர் என்று வரலாறு கூறுகின்றது. பின்னர் டச்சுக்காரர்கள் 1677 இல் அதைச் சுற்றி மதில் எழுப்பினார்களாம். சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் மாணவர்களுக்கு அம்மதிலைக் காட்டுகின்றோம். மேலிருந்து வரும் பகைவனை மதில் தடுக்கும். பக்கத்து நிலத்திலிருந்து மண்ணுக்கடியில் வருவதைத் தடுக்க மதிலால் ஆகாது. அளவெடுத்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான் வழி.

அளவெடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் நிலமாகிய யாழ்ப்பாணத்தை எடுத்துக்காட்டலாம். மலாயாத் தோட்டங்களுக்குக் கிராணிகளையும் ஆசிரியர்களையும் அனுப்பிய மண் அது. அங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரே குடிக்கவும் பயிருக்கும் ஆதாரம். துலா கட்டி இறைத்த காலத்தில் நீர் அளவாகவே இறைக்கப்பட்டது. பிறகு இயந்திர இறைப்பும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டிய உரமும் வந்தன. வெடிப்பு விட்ட சுண்ணாம்புப் பாறை எதையும் வடிகட்டாது. 1980கள் தொடங்கி ஆய்வாளர்கள் அங்குள்ள கிணறுகளில், குறிப்பாகப் பயிர் நிலங்களை அடுத்த கிணறுகளில், வரம்பை மீறிய நைட்ரேட்டைக் கண்டு எழுதி வந்துள்ளனர். ஆனால் பொதுமக்களை வீதிக்கு வரச் செய்தது அதுவன்று. சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்திதான். அவ்வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்க மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எண்ணெய் மிதந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்கும் சொல்லும், மக்கள் திரளுவார்கள். பல்லாண்டுகளாகக் கூடிய நைட்ரேட்டுக்காக யார் திரண்டார்கள்?

இதற்கு மறுபுறம் டென்மார்க் நாடு. பன்றிப் பண்ணைகளும் உரமும் மிகுந்த அந்நாடு 1980களின் இறுதியில் நாடு முழுவதும் நிலத்தடி நீர்க் கண்காணிப்பைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நைட்ரேட் ஆணை, நம் அணை வற்றிய அதே 1991 ஆம் ஆண்டு பிறந்தது. உரக் கட்டுப்பாடுகள் பயன் தருகின்றனவா இல்லையா என்று டென்மார்க்கு மக்கள் இன்று விவாதிக்க முடிகின்றது என்றால், ஒரே இடத்தில் பல்லாண்டு எடுத்த அளவுகள் கையில் இருப்பதால்தான். மேலே இட்ட உரம் கீழே நீரை எட்ட ஆண்டுகள் ஆகலாம். ஒருமுறை அளந்து "நன்று" என்று எழுதிய தாள், அன்றைய நிலையைத்தான் சொல்லும்.

நம் நாட்டிலும் கண்காணிப்பு இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் துறை 1990களின் பிற்பகுதியிலிருந்து வேளாண் பகுதி, தொழிற்பேட்டை, குப்பைமேடு, குழிப்பந்துத் திடல் என நிலப்பயன்பாட்டை வகைப்படுத்திக் கண்காணிப்புக் கிணறுகளை வைத்துள்ளது. அவ்வகைகளுள் 'விலங்குகள் புதைக்கப்பட்ட இடம்' என்பதும் ஒன்று. அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக்கில் 1999 இல் நிப்பா நோயின்போது இலட்சக்கணக்கான பன்றிகளைக் கொன்று புதைத்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெருங்கேடு நடந்த இடத்துக்கு அரசின் கண் போகின்றது; போகவேண்டியதுதான். குழாய் நீருக்கு நிலத்தடி நீரைப் பெரிதும் சார்ந்திருக்கும் கிளந்தானுக்கும் ஆய்வாளர்கள் போகின்றனர். அங்கே பாச்சோக் வட்டாரத்தின் ஆழமற்ற கிணறுகள் சிலவற்றில் நைட்ரேட் மிகுந்திருந்ததையும் கண்டுள்ளனர். ஆனால் ஒரு செம்பனைத் தோட்டத்தின் மூலையில், கோவிலுக்குப் பின்னால், நான்கு குடும்பங்கள் செடிக்கும் மாட்டுக்கும் சில வேளை குழந்தையின் பாலுக்கும் இறைக்கும் கிணறு எந்தத் துறையின் பட்டியலில் ஏறும்? ஏறாது. நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் கிணற்றையும் எந்த அரசும் மாதந்தோறும் அளக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆகவேதான் பள்ளி என்கின்றேன். தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மவர்கள் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்தனர். லயங்கள் இடிந்தன. மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் பெயரில் மட்டும் 'லாடாங்' என்னும் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. புக்கிட் அசகான், கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி, சுங்கை பாரு... தோட்டத்து வாழ்வில் எஞ்சி நிற்கும் நிலையான அமைப்பு பள்ளிதான். தலைமையாசிரியர்கள் மாறினாலும் பதிவேடு அங்கேயே இருக்கும். பத்து, இருபது ஆண்டு தொடரவேண்டிய வேலைக்கு அத்தகைய இடமே வேண்டும்.

"ஏற்கெனவே உள்ள வேலையே போதாதா?" என்று ஆசிரிய நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கின்றது. நானும் ஆசிரியன்தான். இணையத்தில் நிரப்பவேண்டிய படிவங்களின் தொல்லையை அறிவேன். இது மாதத்துக்கு அரைமணி நேர வேலை. அறிவியல் கழகத்து மாணவர்கள் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். நீரை இறைப்பது மட்டும் ஆசிரியராக இருக்கட்டும். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றருகே பிள்ளைகளை விடவே கூடாது. பள்ளிக்கு அருகில் பயன்பாட்டிலுள்ள ஒரு கிணறு போதும். கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தின் ஆழம், பட்டையால் நைட்ரேட்டும் அமிலத்தன்மையும், கண்ணுக்குத் தெரியும் நிறம், அந்த வாரத்து மழை, அண்மையில் உரமிட்டார்களா என்னும் செய்தி ஆகியவற்றை நாளோடு எழுதினால் போதும். மாதம் தவறக்கூடாது, கிணறும் மாறக்கூடாது. கோலிபார்ம் கிருமியைப் பட்டையால் காண இயலாது; அதற்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்தைத்தான் நாடவேண்டும்.

இன்னொரு தயக்கம் வெளியில் சொல்லப்படுவதில்லை. எண் மிகுதியாக வந்துவிட்டால்? தோட்ட நிருவாகம் முகம் சுளிக்குமே, பள்ளிக்கு நிலம் தந்தவர்கள் ஆயிற்றே என்னும் தயக்கம் அது. என் கருத்தில், முதலில் அதே கிணற்றை மறுபடியும் அளக்கவேண்டும். இரண்டாம் முறையும் மிகுந்திருந்தால் சுகாதார அலுவலகத்துக்கு எழுத்து வழி அறிவிக்கவேண்டும். அந்நீரைக் குழந்தைக்குக் கொடுக்கும் குடும்பங்களிடம் அன்றைக்கே நேரில் சொல்லவேண்டும். நாளிதழுக்கு ஓடுவது அதற்குப் பிறகு, தேவைப்பட்டால். காரணம் தோட்டத்து உரமா, நம் வீட்டு மாட்டுக் கொட்டகையா என்பது பட்டையைப் பார்த்துத் தெரியாது. நம் கொட்டகையாக இருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். அந்தத் துணிவு இல்லாத குறிப்பேடு தேவையில்லை.

பட்டை வாங்கும்போது குப்பியின் முகப்பைக் கவனியுங்கள். சிலவற்றில் அளவு நைட்ரேட்டாகவும், சிலவற்றில் நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனாகவும் அச்சிடப்பட்டிருக்கும். 10 மில்லிகிராம் நைட்ரஜன் என்பது ஏறத்தாழ 44 மில்லிகிராம் நைட்ரேட்டுக்குச் சமம். முதல் வகைப் பட்டையில் 20 என்று வந்தால் அது வரம்புக்குள். இரண்டாம் வகையில் 20 என்றால் வரம்பைப்போல் இருமடங்கு. எந்த வகை என்பதைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையேல் அடுத்து வரும் ஆசிரியர் வேறு குப்பி வாங்கி, ஒரே மாதத்தில் நீர் நான்கு மடங்கு கெட்டுவிட்டதாகவோ தூய்மையாகிவிட்டதாகவோ எண்ணிவிடுவார். மேலும், நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்த குப்பி விரைவில் கெடும். மூடியை இறுக்கி, காலாவதி நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.